காற்றுமானி நின்ற பிறகு

1992 ஆகஸ்ட் 24, திங்கட்கிழமை, அதிகாலை நான்கு மணி. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மயாமி நகருக்குத் தென்கிழக்கே கடலுக்குள் நிற்கும் ஃபோவி ராக்ஸ் கலங்கரை விளக்கத்தில் இருந்த தானியங்கி வானிலைக் கருவி ஒரு செய்தி அனுப்பியது: சராசரிக் காற்று மணிக்கு சுமார் 225 கிலோமீட்டர், இடையிடையே 272 கிலோமீட்டர். அதன்பின் அங்கிருந்து எதுவும் வரவில்லை. புயல் ஓய்ந்தபின் போய்ப் பார்த்தவர்கள், காற்றுமானியைத் தாங்கிய கம்பம் தொண்ணூறு டிகிரி மடங்கிக் கிடக்கக் கண்டார்கள்.

மணி 4.35. மயாமியை ஒட்டிய கோரல் கேபிள்ஸில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் அன்று, ஹரிக்கேன் எனப்படும் அட்லாண்டிக் கடலின் கடும் புயல்களைக் கண்காணிக்கும் அமெரிக்கத் தேசிய ஹரிக்கேன் மையம் இயங்கியது. அதன் இயக்குநர் பாப் ஷீட்ஸ் இரவு முழுக்கத் தொலைக்காட்சிகளுக்கு நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார். மொட்டை மாடியில் இருந்த ரேடாரை அதன் கூண்டோடு காற்று பெயர்த்து எறிந்தது. ரேடார் கடைசியாக அனுப்பிய படத்தில், புயலின் மையத்தைச் சுற்றி நிற்கும் மேகச்சுவர் கரையை ஒட்டி வந்துவிட்டது தெரிகிறது. கால் மணி நேரம் கழித்து அதே மொட்டை மாடியில் இருந்த காற்றுமானி 264 கிலோமீட்டரைக் காட்டியது. பிறகு அதுவும் போயிற்று.

ஆண்ட்ரூ என்று பெயரிடப்பட்ட அந்த ஹரிக்கேனின் மையம், மயாமி அடங்கிய டேட் மாவட்டத்தின் தென்பகுதியில் தரையேறியபோது மணி 5.05. அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் முக்கியமான கருவிகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிவிட்டன. அந்த அதிகாலையின் மிக வலிமையான காற்றை அளக்க அரசின் கருவி எதுவும் அங்கே மிச்சமில்லை. ஆனால் மனிதர்கள் இருந்தார்கள். குளியலறையிலும் அலமாரி அறையிலும் மெத்தைக்கு அடியிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தக் காற்றுக்குள் உட்கார்ந்திருந்தன. அவர்கள் கேட்டதும் கண்டதும் சிலர் குறித்துவைத்ததும், அவர்களுடைய வீடுகள் உடைந்த விதமும் சேர்ந்துதான் பின்னாளில் அந்தப் புயலின் அளவைச் சொல்லின. அந்தக் கணக்கு முடியப் பத்து ஆண்டுகள் ஆயின.

செத்துப் பிழைத்த புயல்

ஆண்ட்ரூவின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஆகஸ்ட் 14 அன்று அக்கண்டத்தின் மேற்குக் கரையிலிருந்து அட்லாண்டிக் கடலுக்குள் நகர்ந்த ஒரு காற்றலை, 16ஆம் தேதி காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகி, 17ஆம் தேதி பெயர் சூட்டப்படும் அளவுக்கு வலுத்தது. ஆங்கில அகர வரிசையின் முதல் எழுத்தில் தொடங்கும் பெயர் அது. அவ்வாண்டில் பெயர் பெற்ற முதல் புயல், அதுவும் ஆகஸ்ட் நடுவில்தான் வந்தது. மந்தமான பருவம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

20ஆம் தேதி அது சாகக் கிடந்தது. கீழ்மட்டக் காற்று ஒரு திசையிலும் மேல்மட்டக் காற்று வேறு திசையிலும் வீசினால், புயலின் மேகக் கோபுரம் நிமிர்ந்து நிற்க முடியாமல் சரிந்துவிடும். அன்று ஆண்ட்ரூவின் மைய அழுத்தம் 1015 மில்லிபார் வரை ஏறியிருந்தது. நல்ல வெயில் நாளில் கடற்கரையில் இருக்கும் அழுத்தமே அவ்வளவுதான். புயலென்று சொல்லிக்கொள்ள அதனிடம் அதிகம் இல்லை.

பிறகு மேலடுக்கின் எதிர்க்காற்று தளர்ந்தது. வடக்கே ஓர் உயர் அழுத்தப் பகுதி வளர்ந்து, புயலை நேர் மேற்கே, ஃபுளோரிடாவை நோக்கித் தள்ளியது. கீழே வெந்நீராய்க் கிடந்த கடல். 22ஆம் தேதி ஹரிக்கேன் ஆன ஆண்ட்ரூ, 23ஆம் தேதி பிற்பகலில் 922 மில்லிபாருக்கு இறங்கிவிட்டது. ஒன்றரை நாளில் 72 மில்லிபார் சரிவு. வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து வீடு திரும்பிய மயாமிக்காரர் செய்தியில் கேட்டது ஒரு நோஞ்சான் புயலைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார். டேட் மாவட்டத்தில் மட்டும் ஐந்து லட்சம் பேருக்கு மேல் வெளியேறச் சொல்லப்பட்டார்கள்.

இந்த வேகத்துக்குக் காரணம் புயலின் எரிபொருள். சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான கடல்நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே போகிறது. உயரத்தில் அது குளிர்ந்து மேகத்துளியாகும்போது அந்த வெப்பம் முழுவதும் சுற்றியுள்ள காற்றுக்கு வந்துவிடுகிறது. சூடேறிய காற்று இலேசாகி மேலெழும்ப, கீழே அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நிரப்பச் சுற்றுப்புறக் காற்று ஓடி வருகிறது. ஓடி வரும்போது கடலை உராய்ந்து இன்னும் ஈரத்தை அள்ளி வருகிறது. பூமியின் சுழற்சி அந்தக் காற்றை நேராக மையத்துக்குள் விழ விடாமல் வளைக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இச்சுழற்சி எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான். ஃபுளோரிடாவிலும் அப்படித்தான், நம் வங்கக் கடலிலும் அப்படித்தான்.

இரவில் காதால் பார்த்தல்

நள்ளிரவு தாண்டியதும் தெற்கு டேட் பகுதியில் மின்சாரம் போனது. இனி வெளியே பார்ப்பதற்கு எதுவுமில்லை. பெரின், கட்லர் ரிட்ஜ், கன்ட்ரி வாக், நரஞ்சா, ஹோம்ஸ்டெட் எனப் பரந்து கிடந்த குடியிருப்புகளில் இருந்தவர்களுக்கு வெளியுலகத் தொடர்பு பேட்டரியில் ஓடிய வானொலி ஒன்றே. டபிள்யூடிவிஜே தொலைக்காட்சியின் வானிலையாளர் பிரையன் நார்க்ராஸ் ஏறக்குறைய 23 மணி நேரம் தொடர்ந்து பேசினார். அவர் குரல் வானொலி வழியாகவும் ஒலிபரப்பானது. காற்று உச்சத்தை நெருங்கியபோது அவரும் சக ஊழியர்களும் நிலையத்தின் சாமான் அறைக்குள் போய் அங்கிருந்தே ஒளிபரப்பைத் தொடர்ந்தார்கள். நேயர்களுக்கு அவர் சொன்ன யோசனையும் அதுவே: வீட்டின் நடுவில் ஜன்னலே இல்லாத சின்ன அறை எதுவோ அதற்குள் போங்கள், தலைக்கு மேல் மெத்தையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டின் நடு அறை எதற்கு? இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கணக்கு போதும். காற்று ஒரு பரப்பின்மீது தரும் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடியோடு ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. ஹரிக்கேன் என்று சொல்லத் தகுதியான குறைந்தபட்ச வேகம் மணிக்கு 119 கிலோமீட்டர். அக்காற்று ஒரு சதுர மீட்டர் சுவரில் சுமார் 67 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். தேசிய ஹரிக்கேன் மையத்தின் காற்றுமானி காட்டிய 264 கிலோமீட்டரில் அதே சதுர மீட்டரில் ஏறுவது சுமார் 330 கிலோ. ஒரு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள வாசற்கதவு 650 கிலோவைத் தாங்கியாக வேண்டும். கதவைத் தாங்கும் கீல்களுக்கும் தாழ்ப்பாளுக்கும் அப்படியொரு பழக்கம் கிடையாது.

வீடு உடைவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கூரை ஓடுகள் உரிந்து பறக்கும். பறக்கும் ஓடு அடுத்த வீட்டு ஜன்னலை உடைக்கும். அல்லது இரண்டு கார் நிற்கும் அகலத்துக்குப் போட்ட கராஜ் கதவு உட்பக்கமாக மடங்கும். எப்படியோ காற்றுக்கு உள்ளே வழி கிடைத்துவிட்டால் விஷயம் கைமீறிப் போகும். கூரையின் மேலே வேகமாக வழுக்கிச் செல்லும் காற்று கூரையை ஏற்கெனவே மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே புகுந்த காற்று இப்போது கீழிருந்தும் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்தால் கூரை எழும்பிவிடும். கூரை போனபின் சுவரைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அன்றிரவு பல குடும்பங்கள் ஓர் அறை போனால் அடுத்த அறைக்கு, அதுவும் போனால் குளியலறைக்கு என்று பின்வாங்கிக்கொண்டே போயின. கதவை முதுகால் அழுத்திக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு.

அரசின் ஹரிக்கேன் ஆராய்ச்சிப் பிரிவில் பணியாற்றிய ஸ்டான்லி கோல்டன்பர்கும் அப்படி ஒரு வீட்டுக்குள் இருந்தார். மனைவி பிரசவத்துக்காக மருத்துவமனையில்; இவர் பிள்ளைகளோடும் உறவினர்களோடும் வீட்டில். வாழ்நாள் முழுக்கப் புயலைப் படித்தவரின் வீட்டையும் புயல் இடித்துத் தள்ளியது. உயிர் தப்பிய அவர் அந்த இரவைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார்.

காற்றின் திசை சொல்வது

உள்ளே அடைபட்டிருப்பவர் கையில் ஒரு துப்பு எப்போதும் இருக்கிறது: வீட்டின் எந்தப் பக்கம் அடி விழுகிறது என்பது. வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், புயலின் மையம் ஏறத்தாழ இடக்கைப் பக்கம் இருக்கும். டச்சு விஞ்ஞானி பைஸ் பாலட் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த விதி இது. கருவி எதுவும் தேவைப்படாத வானிலை அறிவு.

கிழக்கிலிருந்து மேற்காக வரும் புயலுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். புயல் இன்னும் கடலில் இருக்கும்போது காற்று வடக்கிலிருந்து வீசும். மையம் உங்களுக்குத் தெற்கே கடந்தால், காற்று வடகிழக்காகி, கிழக்காகி, தென்கிழக்கில் போய் முடியும். உச்சக் காற்று கடலிலிருந்து வரும். மையம் உங்களுக்கு வடக்கே கடந்தால், வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று திரும்பும். உச்சக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். மையம் நேர் தலைக்கு மேல் வந்தால் திசை மெல்லத் திரும்பாது. வடக்கிலிருந்து அடித்த காற்று சட்டென்று அடங்கும். சற்று நேரம் கழித்துத் தெற்கிலிருந்து அடிக்கத் தொடங்கும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மதியத்துக்குமேல் காற்று நின்று, புயல் போய்விட்டது என்று பலர் தெருவில் இறங்கிய பிறகு எதிர்த்திசையிலிருந்து இரண்டாம் சுற்று வந்தது. முதல் சுற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வேர் தளர்ந்திருந்த மரங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆண்ட்ரூவின் கண் ஹோம்ஸ்டெட் பக்கமாகக் கடந்தது. கண் என்று நாம் சொல்லும் இந்த அமைதி வட்டத்துக்குள் காற்று மேலே ஏறுவதற்குப் பதில் மெதுவாகக் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகும், மேகம் கரையும். அதைச் சுற்றி நிற்கும் மேகச்சுவர்தான், அதாவது கண்சுவர்தான், புயலின் முழு வன்மமும் குவிந்த இடம். ஆண்ட்ரூ உருவத்தில் சிறியது, கண்ணும் சிறியது. மணிக்குக் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் வேகத்தில் அது நகர்ந்துகொண்டிருந்ததால் கண்ணுக்குள் கிடைத்த அவகாசமும் கொஞ்சமே. முதல் கண்சுவர் கூரையைத் தளர்த்தியிருக்கும். இரண்டாம் கண்சுவர் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். அமைதியில் வெளியே போய்ப் பார்ப்பவர் திரும்பி வருவதற்கு அதே வீடு இருக்கும் என்பது நிச்சயமில்லை.

காதடைப்பும் பாரமானியும்

புயலுக்குள் இருந்த பலரும் சொன்ன ஒன்று காதடைப்பு. காதுக்குள் ஏதோ அழுத்தி, பட்டென்று விட்டு, மீண்டும் அழுத்தியது என்றார்கள். கடல் மட்டத்தில் சாதாரண நாளில் காற்றழுத்தம் சுமார் 1013 மில்லிபார். கரையைக் கடந்தபோது ஆண்ட்ரூவின் மைய அழுத்தம் 922. கடற்கரையோரச் சமவெளியில் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த மனிதரின் காதுகளைப் பொறுத்தவரை, அவரை யாரோ பெங்களூர் உயரத்துக்குச் சற்றுக் கீழே வரை தூக்கிக் கொண்டுபோய், உடனே கீழே இறக்கிவிட்டார்கள். அந்த இறக்கத்தின் பெரும்பகுதி கண்சுவர் கடக்கும் சிறிது நேரத்துக்குள் நடந்துவிடுகிறது. அதற்கு மேல், காற்றின் ஒவ்வொரு வீச்சும் மூடிய அறைக்குள் அழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது.

இதிலிருந்து ஒரு தவறான நம்பிக்கை கிளம்பி நெடுங்காலம் உலவியது. வெளியே அழுத்தம் குறைவதால் உள்ளேயிருக்கும் காற்று வீட்டை வெடிக்க வைத்துவிடும், அதனால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும் என்பார்கள். எந்த வீடும் அவ்வளவு இறுக்கமாக அடைக்கப்பட்டதில்லை. கதவிடுக்கு, சமையலறைப் புகைபோக்கி, கூரை இடுக்கு என்று காற்று தானாகவே வெளியேறிச் சமனாகிவிடும். ஜன்னலைத் திறந்து வைப்பது, கூரையைக் கீழிருந்து தள்ளக் காற்றை நாமே உள்ளே அழைப்பதாகும்.

922 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஹோம்ஸ்டெட் சுற்றுவட்டாரத்தில் சில வீடுகளில் சுவரில் மாட்டிய பாரமானிகள் இருந்தன. வரவேற்பறைக்கு அழகாக இருக்கும் என்று பலர் வாங்கி மாட்டும் சாதாரண வட்டக் கருவிதான். கூரை போகுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த அந்த இரவிலும் சிலர் டார்ச் அடித்து முள்ளைப் பார்த்து, எவ்வளவு தாழ்ந்தது என்று குறித்துக்கொண்டார்கள். புயலுக்குப் பிறகு தேசிய ஹரிக்கேன் மையம் இப்படிப்பட்ட குறிப்புகளைத் திரட்டியது. அந்தக் கருவிகளையே வாங்கிப் பரிசோதித்து, எது எவ்வளவு பிசகாகக் காட்டுகிறது என்று கண்டுபிடித்துத் திருத்தியது. கரை கடந்த நேரத்து அழுத்தம் என்று இன்று புத்தகங்களில் இருக்கும் எண் அப்படி நிலைநாட்டப்பட்டது.

காற்றுக்கும் இதே கதைதான். பெரின் பகுதியில் ஒருவர் தம் வீட்டில் சொந்தமாகக் காற்றுமானி வைத்திருந்தார். அது காட்டிய உச்ச வேகம் மணிக்கு 212 மைல், அதாவது 341 கிலோமீட்டர். நம்ப முடியாத எண். ஆனாலும் ஆய்வாளர்கள் தள்ளிவிடவில்லை. அதே வகைக் காற்றுமானிகளை வர்ஜீனியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். அந்த வேகத்தில் அவை ஆறில் ஒரு பங்கு அளவு கூடுதலாகக் காட்டுவது தெரிந்தது. கழித்தபின் கிடைத்தது 177 மைல், 285 கிலோமீட்டர். அரசின் கருவிகள் எதுவும் தராத எண்ணை வீட்டுக் கருவி ஒன்று தந்தது.

கடல் ஏறி வந்த இடம்

புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீர், பிஸ்கேன் விரிகுடாவின் மேற்குக் கரையில் 16.9 அடிக்கு, அதாவது ஐந்து மீட்டருக்கு மேல் ஏறியது. பர்கர் கிங் நிறுவனத்தின் அன்றைய தலைமையகம் அங்கேதான் இருந்தது. அந்தக் கட்டடத்தில் நீர் விட்டுப்போன தடத்தை வைத்து அளந்தார்கள்.

புயலின் மையத்தில் அழுத்தம் குறைவதால் கடல் உறிஞ்சப்பட்டு மேலெழுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் உண்மை தெரியும். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். ஆண்ட்ரூவில் குறைந்தது 91 மில்லிபார். ஆக, உறிஞ்சுதலால் வந்தது ஒரு மீட்டருக்கும் குறைவு. மீதி நாலு மீட்டரும் காற்று தள்ளியதால் வந்தவை. ஆழ்கடலில் காற்று தள்ளும் நீர் அடியாழத்தில் திரும்பி ஓடிவிடும். ஆழம் குறைந்த விரிகுடாவில் அதற்கு இடமில்லை. கரையில் குவிவதுதான் ஒரே வழி.

குவிவதும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து வந்ததால் நீர் அங்கே ஏறியது. தெற்கே காற்று நிலத்திலிருந்து வீசியதால் அந்த அளவுக்கு ஏறவில்லை. வடக்கிலும் சற்றுத் தள்ளி, மயாமி நகரை ஒட்டிய பகுதியில் ஏற்றம் ஒன்றரை மீட்டர் அளவில் நின்றுவிட்டது. புயல் முப்பது கிலோமீட்டர் வடக்கே கடந்திருந்தால் அந்த ஐந்து மீட்டர் நீர் நகரத்தின் மையப் பகுதிக்கே வந்திருக்கும்.

நீருக்கு அடியிலும் புயல் ஓயவில்லை. செயற்கைப் பவளப்பாறை உருவாகட்டும் என்று கடலில் மூழ்கடித்திருந்த 350 டன் எடையுள்ள தோணி ஒன்று 68 அடி ஆழத்தில் கிடந்தது. அதன்மேல் ஒரு பழைய பாலத்தை உடைத்தெடுத்த ஆயிரம் டன் கான்கிரீட் வேறு. ஆண்ட்ரூவின் அலைகள் அந்தத் தோணியை 700 அடி மேற்கே நகர்த்தின. கான்கிரீட்டின் பெரும்பகுதியை உதறித் தள்ளின.

இதனால்தான் ஹரிக்கேன் வரும்போது வெளியேறும் ஆணைகள் முதலில் நீரைக் கணக்கில் கொள்கின்றன. காற்றுக்குத் திடமான வீட்டின் நடு அறை ஓரளவு காப்பாகலாம். ஐந்து மீட்டர் நீருக்கு அந்த அறையே பொறி. மழையோ ஆண்ட்ரூவில் பெரிய விஷயமாக இல்லை. காரணம், அது வேகமாகக் கடந்துவிட்டது.

இடிபாடுகளைப் படித்தவர்கள்

விடிந்து பார்த்தபோது தெருப் பெயர்ப் பலகைகள் இல்லை, அடையாளம் காட்டும் மரங்கள் இல்லை. மிஞ்சிய சுவர்களில் மக்கள் வீட்டு எண்ணையும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும் பெயின்ட்டால் எழுதி வைத்தார்கள். மதிப்பிட வருபவருக்கு வேறு அடையாளம் இல்லை. டேட் மாவட்டத்தில் 25,000க்கும் மேற்பட்ட வீடுகள் முற்றாக அழிந்தன. சேதமானவை ஒரு லட்சத்துக்கும் மேல். ஹோம்ஸ்டெட்டில் இழுத்துச் சென்று நிறுத்தி வைக்கும் வகை வீடுகள் 1176 இருந்தன. மிஞ்சியவை ஒன்பது.

இடிபாடுகளும் ஒரு பதிவுதான். சிகாகோவிலிருந்து வந்த டெட் ஃபுஜிடா, சுழற்காற்றுகளின் வலிமையை அளக்கும் அளவுகோலை வகுத்தவர். ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களை வைத்துக்கொண்டு, மரங்கள் எந்தத் திசையில் விழுந்தன, எந்தக் கூரை எங்கே போய்க் கிடக்கிறது என்று அவர் தெருத்தெருவாக வரைபடம் போட்டார். சேதம் சீராக இல்லை. ஒரு வரிசை வீடுகள் தரைமட்டம். சற்றுத் தள்ளி ஓடுகள் மட்டும் போன வீடுகள். கண்சுவருக்குள் மிகச் சிறிய சுழல்கள் தோன்றி, அவற்றின் சுழற்சி பெருங்காற்றோடு ஒரே திசையில் சேரும் பக்கத்தில் மட்டும் வேகம் ஏறியிருக்கிறது என்பது அவர் தந்த விளக்கம்.

கட்டடப் பொறியாளர்கள் கண்டது இன்னும் சங்கடமான செய்தி. கூரைக்கு அடியில் போட்ட பிளைவுட் தகடுகளை, கீழே உள்ள மரச் சட்டத்தோடு ஸ்டேப்பிள் பின்களால் அடித்திருந்தார்கள். பல இடங்களில் பின் சட்டத்தைத் தொடவே இல்லை. மேலேயிருந்து ஸ்டேப்பிள் துப்பாக்கியால் அடித்துக்கொண்டே போனவருக்குக் கீழே சட்டம் எங்கே ஓடுகிறது என்று தெரியவில்லை. பின் பிளைவுட்டைத் துளைத்து, சட்டத்தின் பக்கவாட்டில் வெறுங்காற்றில் இறங்கி நின்றது. வருடக்கணக்கில் தகடு தன் எடையில் கிடந்திருக்கிறது. புயல் வந்த அன்றுதான் அதைப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை என்பது தெரிந்தது. கூரையின் வடிவமும் கணக்கில் வந்தது: நான்கு பக்கமும் சரிவு வைத்த கூரைகள் பெரும்பாலும் தாங்கின, இரு முனையிலும் முக்கோணச் சுவர் நிமிர்ந்து நிற்கும் கூரைகள் அந்தச் சுவரிலிருந்தே சரிந்தன.

பத்தாண்டு கழித்து வந்த தீர்ப்பு

1992இல் ஆண்ட்ரூவுக்குக் கொடுத்த வேகம் மணிக்கு 233 கிலோமீட்டர். காற்றின் வேகத்தை வைத்து ஹரிக்கேன்களைப் பிரிக்கும் ஐந்து வகைகளில் அது நான்காம் வகை. அந்த எண்ணுக்கு அடிப்படை, புயலுக்குள் பறந்த விமானம். கரை கடப்பதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, பத்தாயிரம் அடி உயரத்தில், கண்சுவரின் வடக்குப் பக்கத்தில் அது 300 கிலோமீட்டர் வேகக் காற்றைச் சந்தித்தது. ஆனால் மக்கள் வசிப்பது பத்தாயிரம் அடி உயரத்தில் இல்லை. தரையில் உராய்வு இருப்பதால் காற்று குறையும். எவ்வளவு குறையும்? முக்கால் பங்கு முதல் ஐந்தில் நான்கு பங்கு வரை மிஞ்சும் என்பது அன்றைய ஊகம்.

1997 முதல் புது வகைக் கருவி ஒன்று பயனுக்கு வந்தது. விமானத்திலிருந்து சிறு பாராசூட்டில் இறக்கிவிடப்படும் குழாய் அது. ஜிபிஎஸ் உதவியால், கடலில் விழும் கணம் வரை ஒவ்வொரு உயரத்திலும் காற்று எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே இறங்கும். நூற்றுக்கணக்கான குழாய்களைக் கண்சுவர்களுக்குள் போட்டுப் பார்த்தபோது, பழைய ஊகம் குறைவு என்று தெரிந்தது. கண்சுவரில் காற்றின் உச்சம் தரையிலிருந்து சுமார் அரைக் கிலோமீட்டர் உயரத்திலேயே இருக்கிறது. கடல்மட்டத்துக்கு வரும்போதும், பத்தாயிரம் அடியில் உள்ளதில் தொண்ணூறு விழுக்காடு மிஞ்சுகிறது.

300இல் தொண்ணூறு விழுக்காடு 270. கிறிஸ் லாண்ட்சியும் சக ஆய்வாளர்களும் பழைய விமானப் பதிவுகளையும் தரைப் பதிவுகளையும் எடுத்து மீண்டும் கணக்கிட்டார்கள். 2002இல் தேசிய ஹரிக்கேன் மையம் ஆண்ட்ரூவின் வேகத்தை 266 கிலோமீட்டர் என்று திருத்தி, அதை ஐந்தாம் வகைக்கு உயர்த்தியது. வீட்டுக்குள் இருந்தவர்கள் ஆரம்பம் முதலே சொல்லிவந்தது அப்போது காகிதத்தில் ஏறியது.

ஆனால் இந்தத் திருத்தம் கட்டியவர்களைக் காப்பாற்றவில்லை. 266 கிலோமீட்டர் வேகக் காற்று வீசியது, கண்ணுக்கு வடக்கே கரையோரம் ஒரு சிறு பகுதியில் மட்டுமே. உள்ளே தள்ளியிருந்த பெரும்பாலான வீடுகள் அதைவிடக் குறைந்த காற்றில் உடைந்தவை. ஐந்தாம் வகைப் புயலை யார்தான் தாங்க முடியும் என்ற சமாதானம் அவற்றுக்குச் செல்லாது.

கட்டுமானமே குறை என்ற முடிவுக்கு ஃபுளோரிடா புயல் நடந்த கையோடு வந்துவிட்டது. தெற்கு ஃபுளோரிடாவின் கட்டட விதிகள் 1994இல் கடுமையாக்கப்பட்டன. 2002 மார்ச்சில் மாநிலம் முழுமைக்கும் ஒரே விதித் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு சோதனை இன்றும் பார்க்கச் சுவையானது. ஒன்பது பவுண்டு, அதாவது நாலு கிலோ சொச்சம் எடையுள்ள மரச் சட்டத்தைக் காற்றழுத்தப் பீரங்கியில் வைத்து, வினாடிக்கு 50 அடி வேகத்தில் ஜன்னல் கண்ணாடியின்மேல் சுடுவார்கள். கண்ணாடி விரிசல் விடலாம், பொத்துக்கொள்ளக் கூடாது. அதோடு விடுவதில்லை. அடிபட்ட அதே ஜன்னலை ஆயிரக்கணக்கான முறை உள்ளே தள்ளி வெளியே இழுப்பார்கள். ஓர் ஓடு வந்து அடித்த பிறகும் புயல் இன்னும் பல மணி நேரம் வீசும் அல்லவா?

கணக்கு இன்றும் தாமதமாகத்தான் வருகிறது. 2018 அக்டோபர் 10 அன்று ஃபுளோரிடாவின் வடமேற்குக் கரையைத் தாக்கிய மைக்கேல் என்ற ஹரிக்கேன், அப்போது நான்காம் வகை என்று அறிவிக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்து ஐந்தாம் வகையாக்கப்பட்டது. ஆண்ட்ரூவுக்குப் பிறகு அமெரிக்க நிலப்பரப்பைத் தாக்கிய முதல் ஐந்தாம் வகைப் புயல் அது. செயற்கைக்கோள், விமானம், ரேடார் எல்லாம் இருந்தும், புயல் கரை தொடும் இடத்தில், அதன் உச்ச நிமிடங்களில், சரியாக அந்த இடத்தில் ஒரு கருவி பிழைத்து நிற்பது அரிது.

ஆகவே வெளியேறச் சொல்லாத பகுதியில், பாதுகாப்பான வீட்டுக்குள் புயலைக் கடத்தப் போகிறவர் ஒரு நோட்டும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இன்றைய கைபேசிகள் பலவற்றில் காற்றழுத்தம் அளக்கும் உணர்வி உள்ளது. நேரம், அழுத்தம், எந்தச் சுவரில் காற்று மோதுகிறது, எப்போது நின்றது, எந்தப் பக்கத்திலிருந்து மறுபடி வந்தது: கால் மணிக்கு ஒரு வரி எழுதினாலே மையம் எங்கே கடந்தது என்று பிறகு வரைந்துவிடலாம். ஜன்னலருகே போகாமலே குறிக்கக்கூடியவை இவை. ஆண்ட்ரூவின் 922 மில்லிபார் அப்படிக் குறித்துவைத்தவர்களிடமிருந்து கிடைத்த எண்.